வழிப்பயணமும் வலையொலியும்

தவணை முடிந்து விடுமுறை தொடங்கியதும் நம் இல்லங்களில் முதலில் எழும் பேச்சு எங்கே போவது என்பது. அடுத்து எழுவது, அதற்கு என்னென்ன வாங்குவது என்பது. இந்த இரண்டாவது பேச்சைப் பற்றியே இன்று சிறிது சொல்ல விரும்புகின்றோம்.

சில ஆண்டுகளாகச் ‘சூழலுக்கு இசைந்த பயணப் பொருள்கள்’ என்னும் பெயரில் பலவகைச் சரக்குகள் கடைகளிலும் இணையத்திலும் விற்பனைக்கு வருகின்றன. மூங்கிற் பிடி போட்ட பற்தூரிகை, எஃகினாற் செய்த உறிஞ்சுகுழல், மடித்து வைக்கத்தக்க கிண்ணம், பசுமை வாசகம் பொறித்த பருத்திப் பை என அவை நீளும். எம் மாணவரும் இவற்றை ஆவலோடு வாங்குகின்றனர். அவர்தம் நோக்கத்தைக் குறை கூறுவார் எவருமிலர். ஆயினும், ஒரு பயணத்துக்கென்று பத்துப் புதுப் பொருள்களை வாங்குவோர் சூழலுக்கு உண்மையில் உதவுகின்றனரா என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும்.

பருத்திப் பையையே எடுத்துக்கொள்வோம். பருத்தி விளைவதற்கு நீர் வேண்டும், உரம் வேண்டும். நூற்று, நெய்து, சாயமிட்டு, கப்பலேற்றி அனுப்புவதற்கு எரிபொருள் வேண்டும். ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2020 இல் வெளியிட்ட அறிக்கையொன்றின்படி, ஒரு பருத்திப் பையை 50 தொடக்கம் 150 முறை பயன்படுத்தினால்தான், காலநிலைக்கு அது விளைக்கும் தீங்கு ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் பையின் தீங்கிலும் குறைவாகும். வீட்டில் ஐந்து துணிப் பைகள் தொங்க, ஆறாவதை அழகுக்காக வாங்குபவர் இக்கணக்கில் தோற்றுவிடுகின்றார். பழைய பையே பசுமையான பை என்பது எமது துணிபு.

இது வெறும் கணக்கு விளையாட்டன்று. திருக்கோணமலை நகரில் மனிதரோடு மனிதராய்த் திரியும் புள்ளிமான்களைக் காணாதார் நம்மவருள் மிகச் சிலரே. கோணேசர் கோயிலுக்குச் செல்லும் சிறுவர்க்கு மலையும் கடலும் ஒருபுறமிருக்க, அம்மான்களே பெருங்காட்சி. அவற்றுட் சில, பயணிகள் எறிந்த பொலித்தீனை உண்டு இறந்தன என்னும் செய்தி பலமுறை பத்திரிகைகளில் வந்துள்ளது. உணவின் மணமும் உப்பும் தாளில் ஒட்டியிருப்பதால், மான் தாளையும் சேர்த்து விழுங்குகின்றது. மான் அசைபோடும் விலங்கு. இரைப்பையின் முதலறையில் தங்கிய உணவை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அரைத்தே அது சீரணிக்க வேண்டும். பொலித்தீனோ அரைபடவும் மாட்டாது, அழியவும் மாட்டாது. அது அங்கேயே திரண்டு கிடக்க, வயிறு நிறைந்திருக்கிறது என்னும் பொய்யுணர்வோடு விலங்கு பட்டினியால் மெலிந்து சாகின்றது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் மேய்ந்த யானைகளுள் ஏறக்குறைய 20 இவ்வாறு எட்டு ஆண்டுகளில் மாண்டன என 2022 ஜனவரியிற் செய்திகள் கூறின. யானையையே வீழ்த்தும் பொருளை நாம் சோறு கட்டிச் செல்லப் பயன்படுத்தி வந்தோம் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது.

அரசு சும்மா இருந்ததென்று சொல்வதற்கில்லை. 2017 செப்ரெம்பரில் ‘லஞ்ச் சீற்’ எனப்படும் சோற்றுத் தாளும், ரெஜிபோம் உணவுப் பெட்டியும், 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனும் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்ரோபரில் பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழல், கரண்டி, பூமாலை, இடியப்பத் தட்டு முதலியனவும் அப்பட்டியலிற் சேர்ந்தன. இடியப்பத் தட்டு அதிற் சேர்ந்தமை எமக்குத் தனி மகிழ்ச்சி. ஓலையாலும் பிரம்பாலும் தட்டு இழைக்கத் தெரிந்த நாட்டில் பிளாஸ்ரிக் தட்டு எப்படித்தான் நுழைந்ததோ!

இனிப் பயணத்துக்கு வருவோம். கொழும்புக் கோட்டையிலிருந்து காங்கேசன்துறைக்குப் புகையிரத வழி ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பையில் எதை வைப்பது என்பதிலும், எதில் ஏறுவது என்பதே பெரிய கேள்வி. பிரித்தானிய அரசின் 2022 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஒருவர் ஒரு கிலோமீற்றர் செல்லும்போது வெளிப்படும் பச்சைவீட்டு வாயுக்கள், காபனீரொட்சைட்டின் அளவாகக் கூறின், உள்நாட்டு விமானத்தில் 246 கிராம், பெற்றோல் மோட்டார் வண்டியில் தனியே சென்றால் 170 கிராம், புகையிரதத்தில் 35 கிராம். இவை அந்நாட்டுக் கணக்குகள். நம் நாட்டு டீசல் வண்டிக்கு எண்கள் சற்று வேறுபடும். எனினும் ஒப்புமை விளங்கும். அவ்வெண்களை 400 கிலோமீற்றருக்குப் பெருக்கினால், புகையிரதப் பயணிக்கு 14 கிலோகிராமும் தனியே மோட்டார் வண்டியிற் செல்பவருக்கு 68 கிலோகிராமும் வரும். அதே வண்டியில் நால்வர் கூடிச் சென்றாலோ ஆளுக்கு 17 கிலோகிராம்தான். ஆகவே, குடும்பமாக ஒரே வண்டியிற் செல்வோரை நாம் பழிக்க மாட்டோம். நாலு பேருக்கு நாலு வண்டி என்பதே கூடாது. மூங்கிற் பற்தூரிகையோடு தனி வண்டியிற் செல்பவர், வாளியில் மொண்ட நீரைக் கடலில் ஊற்றிக் கடலைப் பெருக்குபவரைப் போன்றவர்.

பையில் வைக்க வேண்டியவற்றுள் தலையாயது தண்ணீர். ஏழெட்டு மணி நேரப் பயணத்தில் ஒருவர் இரண்டு லீற்றர் வரை குடிக்கக்கூடும். சிறு போத்தல்களாக வாங்கினால் நால்வர் கொண்ட குடும்பம் ஒரு போக்கில் பதினாறு வெறும் போத்தல்களை விட்டுச் செல்லும். முதல்நாள் இரவே நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, வீட்டிலுள்ள எஃகுப் போத்தல்களில் நிரப்பிவிடுதல் எளிது. போய்ச் சேரும் இடத்து நீரில் ஐயம் இருந்தாலோ, சூழலை எண்ணி வாயை மூடிக்கொண்டு குடித்துவிடுதல் அறிவுடைமை ஆகாது. அங்கே ஐந்து லீற்றர்ப் பெரும் போத்தல் ஒன்றை வாங்கி, அதிலிருந்து சிறு போத்தல்களை நிரப்பிக்கொள்க. நெருப்புக் காய்ச்சலும் செங்கமாரியும் வந்து வைத்தியசாலையிற் படுத்தால், அங்கு ஊசியும் குழாயுமாகக் கழியும் பிளாஸ்ரிக் பதினாறு போத்தலிலும் அதிகமாகும்.

அடுத்தது உணவு. இதில் நம் முன்னோரைப் புதிதாக எவரும் விஞ்சவில்லை. வாழையிலையை அனலில் வாட்டினால் அதன் விறைப்பு நீங்கி, மடித்தாலும் கிழியாத பதத்துக்கு வரும். அதிற் சோற்றை வைத்துக் கட்டி, மேலே ஒரு துணியைச் சுற்றினால் மதியம் வரை மணம் குன்றாது. புளிச்சோறு கெடாது நிற்பதற்குப் புளியின் அமிலமே காரணம். ஆதலால் நெடும்பயணத்துக்குத் தேங்காய்ப்பால் சேர்த்த கறியிலும் புளிச்சோறே நல்லது. சிற்றுண்டிக்கு எள்ளுப்பாகும் பொரிவிளாங்காயும் உண்டு, புழுக்கொடியலும் பனங்கட்டியும் உண்டு. இவற்றைப் பனையோலைக் குட்டானில் இட்டுச் செல்லலாம். குட்டான் நைந்து போனால் தோட்டத்து மண்ணிற் போட்டுவிடலாம். 1978 இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களில் ஓலைப் பைகளும் பெட்டிகளும் கிடைக்கின்றன. புதிதாக ஒரு பை வாங்கியே தீர வேண்டும் என்பார் அதை வாங்குக. அப்பணம் நம் ஊர்ப் பெண்களின் கைக்குப் போய்ச் சேரும்.

மற்றவற்றை விரைந்து கூறிவிடுவோம். ஒரு தேநீர்க் குவளை, ஒரு கரண்டி, விரைவில் உலரும் மெல்லிய துவாய், சிறு பெட்டியில் ஒரு துண்டுச் சவர்க்காரம். மூங்கிற் பற்தூரிகை வாங்கியோர், அதன் குச்சங்கள் பெரும்பாலும் நைலோனே என்பதை மறவாது, பிடியை மண்ணில் இடுமுன் அவற்றைப் பிடுங்கிவிடுதல் வேண்டும். எஃகு உறிஞ்சுகுழலைப் பற்றி எமக்கு ஐயமே மிகுதி. செவ்விளநீரை அண்ணாந்து குடித்தால் உடுப்பிற் சிந்தும் என்று அஞ்சுவோர்க்கன்றி அது வேறு யாருக்குத் தேவை? நிலாவெளி, பாசிக்குடா, புறாத்தீவு முதலிய இடங்களுக்குச் சென்று கடலாடுவோர் ஒன்றைக் கருத்திற் கொள்க. வெயில் தடுக்கும் பூச்சுகள் சிலவற்றிலுள்ள ஒக்சிபென்சோன் என்னும் பொருள் முருகைக் கற்களுக்குத் தீங்கு செய்யும் என்று கருதி, ஹவாய் மாநிலம் 2021 ஜனவரி முதல் அத்தகைய பூச்சுகளின் விற்பனையைத் தடுத்தது. முழுக்கைச் சட்டை அணிந்து நீராடினால் பூச்சின் தேவையே குறையும். இறுதியாக, நம் குப்பையை நாமே வீடு கொண்டுவரும் பொருட்டு வெறும் பை ஒன்று. இதனை வாங்க வேண்டியதில்லை. கழுவி உலர்த்திய மாப் பையே போதும். சன்னலுக்கு வெளியே கைநீட்டி எறிதல் நம்மிடையே இன்னும் ஒழியாத பழக்கம். படித்தோர் பெட்டி, படியாதோர் பெட்டி என்ற வேறுபாடின்றி அது நிகழ்வதைக் காண்கின்றோம்.

இவ்வளவும் வைத்த பின்னும் பையில் ஒரு குறை தோன்றும். நெடும்பயணத்தில் பொழுது போவதெப்படி? புத்தகம் நல்ல துணைதான். ஆனால் ஓடும் வண்டியின் குலுக்கலில் படித்தால் சிலருக்குத் தலைசுற்றும். காதுக்கு அத்தொல்லை இல்லை. எடையே இல்லாத பயணப் பொருள் ஒன்று உண்டென்றால் அது வலையொலியே.

இளைஞர் இதனைப் ‘பொட்காஸ்ற்’ என்பர். வேண்டிய வேளையில் இறக்கி வைத்துக் கேட்கத்தக்க ஒலி நிகழ்ச்சி என்று பொருள் கொள்க. 2004 இல் பென் ஹாமர்ஸ்லி என்பார் ‘கார்டியன்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் இச்சொல் முதன்முதல் வழங்கியது. ‘ஐபொட்’ என்ற இசைக் கருவியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டிப் பிறந்த சொல் அது. 2022 இல் அக்கருவியின் உற்பத்தி நின்றுவிட்டது, பெயர் மட்டும் நின்று நிலவுகின்றது. நம் நாட்டார்க்குக் கேட்டலின் சுவை புதிதன்று. 1925 டிசம்பரில் கொழும்பில் வானொலி தொடங்கியது. சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ ஒலித்த காலத்தில் வானொலிப் பெட்டியைச் சுற்றி அயலாரெல்லாம் கூடியிருந்ததை முதியோர் இன்றும் கூறுவர்.

வலையொலியை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு புறப்படுதல் நன்று. வழியிற் சில இடங்களில் அலைத்தொடர்பு அறுந்துவிடும். மேலும், பேச்சு நிகழ்ச்சியொன்று ஒரு மணி நேரத்துக்கு 30 தொடக்கம் 60 மெகாபைற்று அளவே கொள்ளும். அதே நேரத்துக்குச் சாதாரணத் தரத்திற் படக்காட்சி பார்த்தால் 700 மெகாபைற்று வரை செல்லும். பணமும் மின்னும் மிச்சம் என்பதோடு, கண் ஓய்வாக இருந்து வெளியே வயலையும் குளத்தையும் பார்க்கலாம்.

எவற்றைக் கேட்பது? எமக்குப் பயன்பட்ட சிலவற்றைக் கூறுகின்றோம். ஆங்கிலம் பயிலும் மாணவர்க்கு பி.பி.சி. நிறுவனத்தின் ‘சிக்ஸ் மினிற் இங்கிலிஷ்’ ஏற்றது. ஆறே நிமிடத்தில் ஒரு பொருளைப் பற்றி இருவர் உரையாடுவர். எழுத்து வடிவமும் இலவசமாகக் கிடைப்பதால், முதலில் கேட்டுப் பின்னர் வாசித்துத் தம் செவியைத் தாமே சோதித்துக்கொள்ளலாம். அதே நிறுவனத்தின் ‘தி கிளைமேற் குவெஸ்ரியன்’ காலநிலை மாற்றத்தை ஒவ்வொரு வினாவாக எடுத்து ஆராய்வது. உயர்தர வகுப்பு மாணவர்க்கு நாம் பெரிதும் பரிந்துரைப்பது ‘இன் அவர் ரைம்’. மெல்வின் பிராக் அதனை 1998 முதல் 2025 வரை நடத்தினார். ஒரு பொருள், மூன்று பேராசிரியர், முக்கால் மணி நேரம். வீண் சிரிப்பு இராது. அசோகனைப் பற்றியும் ஒளித்தொகுப்பைப் பற்றியும் பகவத்கீதையைப் பற்றியும் அதில் உரையாடல்கள் உண்டு. அறிஞர் ஒருவர் மற்றவரை மறுக்கும்போது எவ்வளவு பண்போடு மறுக்கின்றார் என்பதைக் கேட்பதற்காகவே அதனைக் கேட்கலாம். நம் பட்டிமன்றத்தார்க்கும் அது பாடமாகும்.

தமிழிற் கேட்க விரும்புவோர்க்கும் குறைவில்லை. அவுஸ்திரேலிய நாட்டு எஸ்.பி.எஸ். ஒலிபரப்பின் தமிழ்ப் பிரிவு தன் நிகழ்ச்சிகளை வலையொலியாக வழங்குகின்றது. புலம்பெயர்ந்த நம் உறவினர் அங்கு எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அவற்றிற் கேட்டறியலாம். ‘கதை ஓசை’ என்னும் பெயரில் தீபிகா அருண் தமிழ்க் கதைகளை வாசித்து வழங்கிவருகின்றார். கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னும் ஒலிநூலாகக் கிடைக்கின்றது. வந்தியத்தேவன் இளவரசரைத் தேடி ஈழத்துக்கு வரும் பகுதியைத் தெரிந்தெடுத்து வைத்துக்கொண்டு, வண்டி அநுராதபுரத்தை அணுகும் வேளையிற் கேட்டுப் பாருங்கள். கதையின் ஊரும் சன்னலுக்கு வெளியே ஓடும் ஊரும் ஒன்றாகும்.

வலையொலி அன்று, ஆயினும் இவ்வரிசையிற் சேர்க்கத்தக்கது ஒன்றுண்டு. 2005 இல் தொடங்கிய ‘சீனோ-கான்ரோ’ என்னும் இணையச் சேகரம், உலகெங்குமுள்ள பறவைகளின் ஒலிப்பதிவுகளை எவரும் கேட்குமாறு திரட்டி வைத்துள்ளது. நம் நாட்டிற் பதிந்தவையும் அதில் உள. இந்தியாவிலிருந்து குளிர்காலத்தில் இங்கு வரும் ஆறுமணிக்குருவியின் குரலைப் பிள்ளைகள் அதிற் கேட்டுப் பழகிக்கொண்டால், போய்ச் சேர்ந்த ஊரில் விடியற்காலையில் அதனைத் தாமே இனங்காண்பர்.

எச்சரிக்கையாகவும் இரண்டொன்று கூற வேண்டியுள்ளது. தொலைபேசியை உரக்க ஒலிக்கவிட்டு, பெட்டியிலுள்ளோர் அனைவரையும் கேட்கச் செய்தல் நாகரிகமன்று. ‘ஹெட்செற்’ அணிந்து கேட்போரும், வண்டியின் இரைச்சலை வெல்லுதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போதல் கூடாது. 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், சிறுவர்க்கு 75 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. இதனினும் எம்மை வருத்துவது வேறொன்று. எதிரெதிரே அமர்ந்த தந்தையும் மகனும் ஏழு மணி நேரம் காதை அடைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாது இறங்கிச் செல்லும் காட்சி இப்போது அரிதன்று. ஆகவே, ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் கருவியைக் கழற்றி, கேட்டதை மற்றவருக்குச் சொல்லும் வழக்கத்தைக் குடும்பத்தார் ஏற்படுத்திக்கொள்ளலாம். சிறுபிள்ளை அசோகனையும் குருவியையும் கலந்து குழப்பிச் சொன்னாலும் கேளுங்கள்.

கேட்பதோடு நில்லாது, வலையொலி ஒன்றைத் தாமே ஆக்கவும் மாணவரால் இயலும். 1956 ஏப்ரல் 23 அன்று யாழ்தேவி முதன்முதல் ஓடிற்று. 1990 இல் போரினால் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் நின்றது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் அது மீண்டும் வந்தது. இடையில் 24 ஆண்டுகள். தண்டவாளமே இல்லாத ஊரில் ஒரு தலைமுறை புகையிரதத்தைக் காணாது வளர்ந்தது. பழைய யாழ்தேவியில் ஏறி உத்தியோகத்துக்கும் கலியாணத்துக்கும் போய்வந்த பாட்டன்மாரும் பாட்டிமாரும் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்கள் எதைக் கட்டிச் சென்றனர், எந்த நிலையத்தில் என்ன வாங்கி உண்டனர், கடைசியாக எந்நாள் ஏறினர் என்பவற்றை எழுதி வைத்தோர் மிகச் சிலரே. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்திற் சேர்த்துவரும் நூலக நிறுவனம், வாய்மொழி வரலாறுகளையும் ஒலிவடிவிற் பேணிவருகின்றது. எனவே, நல்ல பதிவுக்கு இடமும் உண்டு.

இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர் ஐந்தாறு கேள்விகளைக் கொப்பியில் எழுதிச் செல்லட்டும். பிற்பகல் உறக்கத்தின் பின், தேநீர் வேளை பொருத்தமானது. மின்விசிறியை நிறுத்துக. சேவல் கூவினால் கூவட்டும். தொலைபேசியை மேசையில் ஒரு துவாயை மடித்து அதன்மேல், பாட்டியிடமிருந்து ஒரு முழத் தொலைவில் வைத்து, திகதியையும் ஊரையும் முதலிற் சொல்லிப் பதிவு செய்க. பின்னர் முதற் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாதிருக்க. அவர் சொல்லத் தொடங்குவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும்.